மெசினில் பிழை இல்லை

மகன்,

பெட்டி உன் வாசலுக்கு வந்திருக்கும். இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கும்வரை அதைத் திறக்காதே. நான் இருக்கிற டூங்கபியிலிருந்து மாநிலம் தாண்டி உன் பொயிண்ட் குக் வரைக்கும் அதைத் தூக்கிக் கொண்டுவந்த கூரியர்காரன் என்னை நன்றாகத் திட்டியிருப்பான், அவ்வளவு கனம். துவக்கு ரவை அமத்தும் பிரஸ், அதில் பூட்டும் டை மூன்று சோடி, தராசு, வெடிமருந்து அளக்கும் மெசின், நான் என் கையால் செய்த மரத்தட்டு எல்லாம் உள்ளே இருக்கின்றன. மருந்தும், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லை. அவற்றை இப்படி அனுப்பக்கூடாது. கெவின் அங்கிளிடம் கொடுத்துவிட்டேன்.

போன மாதம் நீ போன் எடுத்தாய். "அப்பா, நானும் வீட்டிலயே ரவை நிரப்பப் போறன். இலெக்ட்ரோனிக் மெசின் ஒண்டு வாங்கியிருக்கிறன். பட்டனை அமத்தினா அதுவே நிறுத்துக் கொட்டும். உங்கட பழைய மெசின் மாதிரி ஏமாத்தாது" என்று சொல்லிச் சிரித்தாய். என் பழைய சாமான்களையும் அனுப்பச் சொன்னாய். பிறகு சும்மா கேட்பதுபோல, "கடைசியில அந்த மெசின்ல என்ன பிழை எண்டு கண்டுபிடிச்சியளோ?" என்று கேட்டாய். நான், "பிறகு கதைப்பம், அடுப்பில தேத்தண்ணி கொதிக்குது" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் கொதிக்கவில்லை. அந்தக் கேள்விக்கான பதில்தான் இது. ஏழு வருடம் பிந்திய பதில்.

உனக்குத் தெரியும், முப்பது வருடம் பிஸ்கட் தொழிற்சாலையில் மெசின் திருத்தினவன் நான். லைன் நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஓடிப் போனால் அங்கே நிற்கிறவன் மெசினில்தான் பிழை என்று சத்தியம் செய்வான். பத்துக்கு ஒன்பது தடவை அவனுடைய கைதான் பிழையாக இருக்கும். ஒருவனுக்கும் அதை ஒப்புக்கொள்ள மனம் வராது. அவர்களைப் பார்த்து நான் எவ்வளவு நக்கல் அடித்திருப்பேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தத் தொழிற்சாலையில்தான் கெவின் பழக்கம். அவர்தான் என்னை முதன்முதலாகச் சூட்டுத் திடலுக்குக் கூட்டிப்போனார். லைசென்ஸ் எடுத்து, துவக்குக்கு இரும்பு சேஃப் பூட்டி, நான் ஆயத்தமானபோது அம்மா குசினிக்குள் நின்று, "துவக்குக்குப் பயந்து மன்னாரை விட்டு ஓடி வந்தனாங்கள். இஞ்ச வந்து ஆசைக்குத் துவக்கு வாங்குறியளே, உங்களுக்கு மண்டை சுகமோ?" என்று கேட்டாள். சுடுவதைவிட எனக்குப் பிடித்தது ரவை நிரப்புவதுதான். சுட்டு முடிந்த பித்தளைக் கோதைத் திரும்ப அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் புதிய பிரைமர் வைத்து, உள்ளே மருந்து போட்டு, மேலே ஈயச் சன்னத்தை வைத்து அமத்துகிற வேலை. சின்னச் சின்ன மெசின்கள், சின்னச் சின்ன அளவுகள். அம்மா இரண்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

பெட்டியில் இருக்கிற சாமான்கள் உனக்குத் தரப்போகும் கரைச்சல்களைச் சொல்கிறேன். முதலாவது, கோது டைக்குள் இறுகுவது. மசகு போதாவிட்டால் அந்த உருக்குக் குழாய்க்குள் கோது போய்ச் சிக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் வரும் கோபத்தில் கைபிடியை இழுத்தாயோ, கோதின் விளிம்பு பிய்ந்து கையோடு வரும், மிச்சம் உள்ளேயே நிற்கும். மசகு கூடினாலும் கோதின் தோளில் பள்ளம் விழும். இறுகினால் கையை எடுத்துவிட்டு எழும்பிப் போ. இறுகிய கோதை எடுப்பதற்கென்றே ஒரு சாமான் இருக்கிறது, அதுவும் பெட்டிக்குள் கிடக்கிறது. உன் பட்டமளிப்பு விழாவுக்கு நான் பிந்தி வந்தேனே, உன் பெயரைக் கூப்பிட்டபோது அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்ததே, அன்றைக்கு எம் ஃபோர் பெருந்தெருவில் ட்ராஃபிக் என்று சொன்னேன். ட்ராஃபிக் ஒன்றும் இல்லை. நல்ல சேர்ட்டும் போட்டுக்கொண்டு, கராஜுக்குள் ஒரு இறுகிய கோதோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது, தராசு. பூச்சியத்தில் நிற்கவேண்டியது தானாக ஏறும், இறங்கும். ஒரு மாதம் நான் அந்தத் தராசைச் சந்தேகப்பட்டேன். பற்றரி மாற்றினேன், மேசையை மட்டம் பார்த்தேன், மேலே இருந்த லைட்டை மாற்றினேன். கடைசியில் பார்த்தால், வீட்டுக்குள் மணக்கும் என்று அம்மா மீன் பொரிக்கிற கேஸ் அடுப்பு கராஜின் மறு மூலையில் இருந்தது. அவள் அடுப்பை மூட்டி ரோலர் கதவைக் கொஞ்சம் உயர்த்தும்போதெல்லாம் காற்று உள்ளே வந்து தராசை ஆட்டியிருக்கிறது. மருந்தும் அடுப்பும் ஒரே கூரைக்குள் இருந்திருக்கிறதே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுப்பை வெளிப் பந்தலுக்கு மாற்றினோம், தராசும் திருந்தியது. அதுவரை நாங்கள் எரியாமல் இருந்தது எங்கள் கெட்டித்தனம் இல்லை.

மூன்றாவது, மருந்து அளக்கும் மெசின். சில மருந்துகள் நீளமான குச்சித் துண்டுகளாக இருக்கும். அவை குழாயில் ஒன்றோடொன்று குறுக்கே மாட்டிக்கொண்டு நிற்கும். ஒரு கோதுக்குள் குறைய விழும், அடுத்த கோதுக்குள் அந்த மிச்சமும் சேர்ந்து கூட விழும். கைபிடியை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அடி. பிறகு டோர்ச் அடித்து எல்லாக் கோதுக்குள்ளும் எட்டிப் பார். இந்த மூன்றாவது கரைச்சல் உண்மையில் நடக்கிற ஒன்று. அதனால்தான் நான் சொன்ன பொய்யை எல்லாரும் நம்பினார்கள்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

கிரிக்கெட்டில் விலகிய உன் வலத் தோள் அந்த வருடமும் சரியாகவில்லை. இருபத்தாறு வயதில், லைசென்ஸ் கையில் கிடைத்த புதிதில், துவக்கு பின்னால் உதைக்கும் என்று பயந்தாய். நான் உனக்கென்று மென்மையான ரவை ஐம்பது செய்யத் தொடங்கினேன். அதற்கு வேறு மருந்து. கெதியாக எரிவது, ஆகையால் கொஞ்சம்தான் போடவேண்டும். கோதில் பாதிக்கும் மேல் வெறுமையாகவே இருக்கும். ஒரு கோதுக்குள் தவறி இரண்டு தரம் போட்டாலும் வெளியே வழியாது, கண்ணுக்கும் இலேசில் படாது. இந்த ஆபத்து எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன், ஏனென்றால் என் கையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

மே மாதம் மாதாவின் வணக்கமாதம். மாதாவின் சுரூபம் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது, எங்கள் முறை ஞாயிறு என்று சொல்லியிருந்தார்கள். முதல்நாள் வைத்திருந்த வீட்டில் ஆருக்கோ காய்ச்சல் என்று சனி பின்னேரமே எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். முன்னால் மாதா, பின்னால் பாடிக்கொண்டு முப்பது பேர், அவர்களுடைய சின்னப் பிள்ளைகள். அம்மா கராஜுக்குள் ஓடிவந்து, "மாதா வந்திட்டா! உந்தக் கோதுகளை வச்சிட்டு எழும்புங்கோ, சனம் இதாலதான் வரப்போகுது" என்று கத்தினாள். அந்த மரத்தட்டில் ஐந்து வரிசைக் குழிகள், வரிசைக்குப் பத்துக் கோது. நாலு வரிசைக்கு மருந்து போட்டிருந்தேன். எனக்குத் தூரத்திலிருந்த கடைசி வரிசை மிச்சம்.

அந்த இடத்தில் நான் செய்திருக்கவேண்டியது ஒன்றுதான். போட்ட மருந்து முழுவதையும் திருப்பிப் போத்தலுக்குள் கொட்டிவிட்டு எழும்பியிருக்கவேண்டும். இரண்டு நிமிட வேலை. மாதாவை வாசலில் காக்க வைக்கலாமோ என்று நினைத்தேன். மருந்துப் போத்தலை அலுமாரியில் பூட்டினேன். பிள்ளைகள் தொடாமல் இருக்கத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய், காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து பின் சீற்றில் வைத்து, அம்மாவின் குசினித் துவாயால் மூடி, காரைப் பூட்டினேன்.

செபமாலை முடிந்து, பிரார்த்தனை முடிந்து, பற்றிஸும் ரோல்ஸும் பால்தேத்தண்ணியும் முடிந்து சனம் வெளிக்கிட இருட்டுப்பட்டுவிட்டது. காரின் இடப்பக்கத்தில் ஒரு அங்கிள் தன் வானை ஒட்டி நிறுத்தியிருந்தார், கதவைத் திறக்க இடமில்லை. நான் வலப்பக்கக் கதவால் தட்டை எடுத்தேன். உனக்கு விளங்கும். இடப்பக்கத்தால் வைத்து வலப்பக்கத்தால் எடுத்தால் முன்பக்கம் பின்பக்கமாகும். மேசையில் வைத்தபோது வெறும் வரிசை என் பக்கம் இருந்தது, தூரத்துக் கடைசி வரிசையில் ஏற்கெனவே மருந்து இருந்தது. நான் தூரத்துக் கடைசி வரிசைக்குத் திரும்பவும் மருந்து போட்டேன். டோர்ச்சை ஒரு அன்ரி செருப்புத் தேட வாங்கிக்கொண்டு போயிருந்தா. போய் வாங்கிவர எனக்குப் பஞ்சியாக இருந்தது. கணக்கு எனக்குத் தெரியும்தானே என்று சன்னங்களை வைத்து அமத்தி முடித்தேன்.

அடுத்தநாள் காலைப் பூசைக்கு நாங்கள் போகவில்லை. "நேற்றுச் செபமாலை சொன்னதுதானே" என்று அம்மாவுக்குச் சமாதானம் சொல்லிவிட்டு உன்னைத் திடலுக்குக் கூட்டிப்போனேன். நல்ல குளிர், பனிப்புகார். உன் பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவி பிடித்துக்கொண்டே இருந்தது. "அப்பா, ஒண்டும் தெரியேல்ல, கழட்டட்டோ?" என்று கேட்டாய். நான் தொலைநோக்கியில் இலக்கைப் பார்த்துக்கொண்டு, "ம்" என்றேன். அந்த "ம்" உனக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது, நீ ஒருவருக்கும் அதைச் சொல்லவில்லை. நாலு ரவை நன்றாகப் போனது. "தோள் நோகேல்ல அப்பா" என்று திரும்பிச் சிரித்தாய். அந்த முகத்தை நான் முழுதாகப் பார்த்தது அதுதான் கடைசி. ஐந்தாவது ரவையில் துவக்கு உன் முகத்துக்குப் பக்கத்தில் வெடித்தது.

துவக்கைப் போலீஸ் எடுத்துப்போனது. மிச்ச ரவைகள் என் பைக்குள் இருந்தன. அந்தக் குழப்பத்தில் ஒருவரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமை, டொக்டர் வலக் கண்ணைக் காப்பாற்ற முடியாது என்று சொன்ன பிறகு, உடுப்பு எடுத்துவரப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். நாற்பத்தைந்து ரவைகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து நிறுத்தேன். மெசினில் பிழை இருந்திருந்தால் கூடியும் குறைந்தும் எல்லாவிதமாகவும் இருந்திருக்கும். அப்படி இருக்கவில்லை. இருபத்தாறு சரி. பத்துக்குள் மருந்தே இல்லை. ஒன்பதுக்குள் சரியாக இரண்டு மடங்கு. ஒரு வரிசைக்குப் பத்து. பத்தாவது இரட்டை உன் கையில் போயிருந்தது. வானும், கார்க் கதவும், துவாயும் அப்போதுதான் வரிசையாக ஞாபகம் வந்தன. பிறகு எல்லா மருந்தையும் ஒன்றாகக் கலந்து புல்லில் கொட்டினேன், ஒருவரும் எண்ணிப் பார்க்க முடியாதபடி.

அதன் பிறகு பொய். போலீசிடமும் கிளப்பிலும் கோவிலடியிலும், மெசினில் மருந்து சிக்கிப் பிறகு சேர்ந்து விழுந்துவிட்டது என்று சொன்னேன். முப்பது வருடம் மெசின் திருத்தினவன் சொன்னால் ஆர் மறுத்துக் கதைப்பார்கள்? கிளப்பில், மருந்து அளக்கும் மெசினை ஒவ்வொரு முறையும் சோதியுங்கள் என்று என் பொய்யை நம்பி ஒரு அறிவித்தல்கூட ஒட்டினார்கள். கெவின் மட்டும் ஒருநாள் காரடியில் வைத்து, அந்த மருந்து பொடியாக இருக்குமே, குழாயில் சிக்காதே என்று மெதுவாகச் சொன்னார். நான் காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன். அவர் பிறகு கேட்கவில்லை.

அம்மா அந்த மெசினைச் சிவப்பு மூடிக் குப்பைத் தொட்டிக்குள் எறிந்தாள். "என்ர பிள்ளையின்ர கண்ணைத் திண்ட சனியன்" என்று திட்டினாள். பாவம் அந்த மெசின், அது சொன்னதைச் சொன்னபடி செய்தது. நான் எடுத்துக் கழுவி ஒளித்து வைத்தேன். ஆனால் அவளுடைய மனம் மெசினோடு நிற்கவில்லை. "மாதா வந்து இருந்த வீட்டில அடுத்தநாளே இப்பிடி நடக்குமோ? நான் என்ன குறை விட்டனான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் சாப்பிடாமல் ஒருசந்தி பிடித்தாள், முழங்காலில் நின்று நின்று கால் வீங்கியது. எனக்குப் பதில் தெரியும். பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் அவள் போகும்போதும் தன்னில்தான் குறை என்று நம்பிக்கொண்டு போனாள். உன் கண்ணுக்கு அடுத்ததாக நான் செய்த பெரிய பாவம் அதுதான், அதை இனி ஆரிடம் போய்ச் சொல்ல? பங்குச் சாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். அது சுலபம், அவர் வெளியில் சொல்லமாட்டார்.

போன கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். லைசென்ஸையும் கொடுத்துவிட்டேன். ஒரு இளம் பெண் பொறுமையாக எழுதினாள், கூப்பிடுவார்கள் என்றாள். கெவினிடம் சொன்னேன். அவர், "ஐ நோ, மேட்" என்றார். கிளப்பில் அந்த அறிவித்தலைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதத்தின் பிரதியை நம் கோவில் மலருக்கும் கொடுக்கிறேன், பெயர் போடாமல். பெயர் இல்லாவிட்டாலும் இங்கே எல்லாருக்கும் விளங்கும். பொய்யை எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டு உண்மையை உன் காதுக்குள் மட்டும் சொன்னால் அது சரியில்லை. நீ வாசிக்க முன் மற்றவர்கள் வாசிக்கக்கூடாது என்று அடுத்த மாத மலருக்குத்தான் கொடுத்தேன்.

மூடி வைத்துவிட்டுச் செத்துப்போக எனக்கும் ஆசைதான் மகன். ஆனால் நீ போனில், புது மெசின் இருக்கு, இனிப் பிழை வராது என்று சொன்னாயே, அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. இடக் கண்ணால் சுடப் பழகியிருக்கிறாய். மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். உன் மெசின் ஒழுங்காகத்தான் நிறுக்கும். ஒரே கோதை இரண்டாம் முறை நீட்டினாலும் அதே ஒழுங்கோடு நிறுத்துக் கொட்டும். உன் கராஜ் கதவைத் தட்டி, "டடி, கம்!" என்று கூப்பிட உனக்கு மூன்று வயதில் ஒருத்தி இருக்கிறாள். நீ நல்ல தகப்பன், என்னைப்போல ட்ராஃபிக் என்று சொல்லமாட்டாய், எழும்பிப் போவாய். போ. ஆனால் கதவைத் திறக்க முன் தட்டில் இருக்கிற மருந்து முழுவதையும் திருப்பிக் கொட்டு. அவள் அழுதாலும் கொட்டு. மருமகள் பேசினாலும் கொட்டு. ஆர் வாசலில் வந்து நின்றாலும் இரண்டு நிமிடம் நிற்கட்டும். நான் பயந்தது மரியாதைக் குறைவுக்கு, பயந்திருக்கவேண்டியது வேறொன்றுக்கு.

பெட்டிக்குள் அந்தத் தட்டும் இருக்கிறது. எரிக்கத்தான் நினைத்தேன். பிறகு மரம் அறுக்கும் வாளை எடுத்து அதன் ஒரு மூலையை வெட்டி, அரத்தால் தேய்த்தேன். வெட்டு அவ்வளவு நேராக வரவில்லை. அந்த வெட்டு எப்போதும் உன் இடக்கைப் பக்கம், உனக்குக் கிட்டவாக இருக்கவேண்டும். பெருவிரலால் தடவினால் போதும், பார்க்கத் தேவையில்லை. இந்த வேலைக்கு எனக்குப் பத்து நிமிடம்கூடச் செல்லவில்லை. இதைத் தட்டைச் செய்த அன்றே செய்திருக்கலாம். அந்தப் பெட்டி உனக்கு வேண்டாம் என்றால் திறக்காமலே எறிந்துவிடு, நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

இன்னும் ஒன்று. செவ்வாய்க்கிழமை, வார்டில், பாதி முகம் கட்டுக்குள் இருக்க, நீ என் கையைப் பிடித்து, "சொறி அப்பா. நான் கண்ணாடியைக் கழட்டியிருக்கக் கூடாது" என்று சொன்னாய். அது, நான் ரவைகளைப் பிரித்துப் பார்த்த அடுத்த நாள். எல்லாம் தெரிந்துகொண்டு நான் உன் தலையைத் தடவி, "பரவாயில்லை மகன்" என்றேன். பக்கத்தில் நின்ற அம்மா அழுதாள், எவ்வளவு நல்ல தகப்பன் என்று நேர்ஸ் என்னைப் பார்த்தாள். நீ என்னிடம் கேட்ட அந்த மன்னிப்பை ஏழு வருடம் நான் வைத்திருந்தேன். அது என்னுடையது இல்லை. இனி எங்கேயும், ஆரிடமும், "கண்ணாடியைக் கழட்டினது என்ர பிழை" என்று சொல்லாதே.

அப்பா